ஸ்டென்ட் என்றால் எந்த ஸ்டென்ட்? பக்கவாதம் கண்டவர் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள்



விலைவாசி, வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை என்றே எழுதிப் பழகிய நாம் இம்முறை கடைக்காரரின் உடம்பைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறோம். காரணம் இருக்கிறது. மல்லசமுத்திரம், வையப்பமலை, திருச்செங்கோடு, ஆட்டையாம்பட்டி வட்டாரத்தில் நம் வயதொத்த வியாபாரிகள் சிலர் பக்கவாதம் கண்டு படுத்துவிட்டார்கள். பருத்தி ஏலத்துக்கு முன்வரிசையில் நின்றவர் இன்று கட்டிலில் இருக்கிறார். நலம் விசாரிக்கப் போகும் வீடுகளில் எல்லாம் நம்மிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, வைக்கலாமா?"

நாம் மருத்துவரல்ல, மொத்த வியாபாரி. வைக்கலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். ஆனால் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவரும், பணம் கட்டுகிறவரும் குடும்பத்தார்தான். எந்தச் சரக்குக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போடுவது வியாபாரிக்கு அழகல்ல. ஆகவே மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை நம் உறுப்பினர்களுக்குப் புரியும் விதத்தில் இங்கே எடுத்து வைக்கிறோம்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

"எண்ணெய் பத்து டின்" என்று மட்டும் சீட்டு எழுதி சேலம் லீ பஜாருக்கு அனுப்பினால், கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, பாமாயிலா என்று திருப்பிக் கேட்பார்கள். ஸ்டென்ட் என்பதும் அப்படிப்பட்ட பெயர்தான். சுருங்கிய குழாயை விரித்துத் தாங்கிப் பிடிக்கும் சிறிய உலோக வலைக்குழல், அவ்வளவே. அதை எந்தக் குழாயில், எந்த நேரத்தில், எதற்காக வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பலனும் ஆபத்தும் மாறும்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரை வைத்தே இதை விளக்கலாம். நடிகர் ரஜினிகாந்த் 2021 அக்டோபர் 28ஆம் தேதி தலைசுற்றல் காரணமாகச் சென்னை காவேரி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். கழுத்துத் தமனியில் இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் சிகிச்சை மறுநாள் நடந்ததாக ஆஸ்பத்திரி அறிக்கை கூறியது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய்க்குத்தான் கழுத்துத் தமனி என்று பெயர். அதைச் சீராக்க இரண்டு வழிகள் உண்டு. ஸ்டென்ட் வைத்தும் செய்யலாம். கழுத்தைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுத்தும் செய்யலாம். பின்னர் 2024 செப்டம்பர் 30 அன்று அவர் சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியில் இருந்த வீக்கத்துக்காக அங்கே ஒரு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஒரே மனிதர்தான், ஆனால் இடம் வேறு, நோய் வேறு, சிகிச்சையின் நோக்கமும் வேறு. ஊரில் பேசும்போது எல்லாவற்றையும் சேர்த்து "ரஜினிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். பிறகு நம் வீட்டில் ஒருவருக்குக் கை கால் விழுந்ததும் "அதையே வைத்துவிடுங்கள்" என்கிறோம்.

பக்கவாதம் இரண்டு வகை

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது ஒரு வகை. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொரு வகை. பெரும்பாலானவை அடைப்பு வகையே. இரண்டிலும் வாய் கோணும், கை கால் செயலிழக்கும், பேச்சு குழறும். வெளியிலிருந்து பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இரத்தக் கசிவு என்றால் இந்தக் கட்டுரையில் நாம் சொல்லப் போகும் ஸ்டென்ட் பேச்சுக்கே இடமில்லை. குழாயில் பலூன் போல் உப்பிய இடம் வெடித்திருந்தால் அதை அடைக்க வேறு விதமான சாதனங்கள் உண்டு. அது தனிக் கணக்கு.

அடைப்பு வகையில் நேரம்தான் முதல். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் மடிகின்றன என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் வயதினர்க்கு 1984 நினைவிருக்கும். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அந்த ஆண்டு அக்டோபரில் அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகக் கோளாறுடன் பக்கவாதமும் கண்டது. நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். 1985 பிப்ரவரியில் அவர் ஊர் திரும்பினார். அங்கிருந்தபடியே தேர்தலில் ஜெயித்த அவருக்குப் பழைய பேச்சு மட்டும் கடைசி வரை முழுதாகத் திரும்பவில்லை. அன்று எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் வாங்க முடியாத சில இன்று நமக்குக் கிடைக்கின்றன. மனித இதயக் குழாயில் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டதே 1986இல்தான். மூளை அடைப்பைக் கரைக்கும் ஊசி பலன் தரும் என்று நிரூபணமானது 1995இல். அடைப்பை இழுத்தெடுக்கும் முறை நிலைபெற்றது 2015இல். இவ்வளவு வந்த பிறகும் நேரம் தவறி வருகிறவருக்கு 1984க்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே வருத்தமான உண்மை.

முதலாவது: உள்ளே போய்த் திரும்பி வரும் ஸ்டென்ட்

கை கால் விழுந்து நான்கரை மணி நேரத்துக்குள் வந்தால், கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிறார்கள். பெரிய குழாயே அடைத்திருந்தால் ஊசி மட்டும் பல சமயம் போதாது. அப்போது தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள குழாய் வழியாக மெல்லிய கம்பியைத் தலை வரை செலுத்தி, அதன் நுனியில் உள்ள வலையைக் கட்டிக்குள் விரித்து, கட்டியோடு சேர்த்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். உறிஞ்சி எடுப்பதும் உண்டு. அந்த வலையும் ஸ்டென்ட் ஜாதிதான். ஆனால் அது உள்ளே தங்குவதில்லை. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பது போல, வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும்.

2015இல் வெளியான நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியில் 500 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 33 பேர் மூன்று மாதத்தில் பிறர் உதவியின்றித் தன் வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அந்த நிலைக்கு வந்தவர்கள் 100க்கு 19 பேர். அதே ஆண்டில் வேறு நான்கு ஆராய்ச்சிகளும் இதையே உறுதி செய்தன. 2018இல் வந்த இரண்டு ஆராய்ச்சிகளுக்குப் பின், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளைப் பகுதி மீதமிருப்பவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று ஆயிற்று. அதற்காக 24 மணி நேரம் இருக்கிறதே என்று ஆற அமர வரலாகாது. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பலன் தேய்கிறது.

இது யாருக்குப் பொருந்தும்? பெரிய குழாய் அடைத்தவருக்கு. சிறு கிளைக் குழாய் அடைத்தவருக்குப் பொதுவாக இது தேவைப்படாது, ஊசியும் மாத்திரையும்தான். மூளையின் பெரும்பகுதி ஏற்கெனவே மடிந்துவிட்டிருந்தால் மருத்துவர் தயங்குவார். அந்த எல்லையையும் 2022க்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் சற்றுத் தளர்த்தியிருக்கின்றன. இந்தக் கட்டத்தில் குடும்பத்தார் செய்ய வேண்டியது ஒன்றே. மருத்துவர் பொருந்தும் என்றால் உடனே சம்மதம் கொடுப்பது. "ஈரோட்டு மாப்பிள்ளை வரட்டும், சாமியிடம் பூ கேட்கட்டும்" என்று இரண்டு மணி நேரம் ஓட்டுவது நோயாளியின் கையையும் பேச்சையும் விலையாகக் கொடுப்பதாகும்.

இரண்டாவது: கழுத்தில் நிரந்தரமாகத் தங்கும் ஸ்டென்ட்

இது அவசரக் கட்டம் தாண்டிய பின், இன்னொரு பக்கவாதம் வராமல் தடுக்கச் செய்யப்படுவது. விழுந்த கையை இது எழுப்பாது. இந்த ஒரு விஷயம் புரியாமல்தான் பல குடும்பங்கள் பணத்தைக் கட்டிவிட்டு, "இவ்வளவு செலவு செய்தும் கை வரவில்லையே" என்று புலம்புகின்றன. கை கால் திரும்ப வருவதற்குப் பிசியோதெரபி எனும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் காலமும் வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்? லேசான பக்கவாதம் வந்து ஓரளவு தேறியவருக்கு, அல்லது சில நிமிடங்கள் கை மரத்துப் பேச்சு தடுமாறித் தானே சரியான "குட்டிப் பக்கவாதம்" கண்டவருக்கு, அதே பக்கத்துக் கழுத்துத் தமனி 70 சதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் பலன் உண்டு. 1991இல் வட அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியில், இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து மட்டும் கொடுத்தபோது இரண்டு வருடத்தில் 100க்கு 26 பேருக்கு அந்தப் பக்கத்தில் மீண்டும் பக்கவாதம் வந்தது. கழுத்தைத் திறந்து அடைப்பை எடுத்தவர்களுக்கு 9 பேர்தான். 50 முதல் 70 சதம் வரை சுருங்கியவர்களுக்குப் பலன் குறைவு. ஆளைப் பார்த்து முடிவு செய்வார்கள். 50 சதத்துக்குக் கீழே என்றால் வேண்டியதில்லை. முழுவதும் அடைத்துப் போயிருந்தாலும் திறப்பதில்லை. தகுதியானவருக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்தால் பலன் அதிகம். ஆறு மாதம் கழித்து யோசித்தால் பலனில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

கத்தியா, ஸ்டென்டா என்பது அடுத்த கேள்வி. 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆராய்ச்சியில் 2,502 பேர் சேர்ந்தார்கள். நான்கு வருடக் கணக்கில் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆனால் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 100க்கு 4.1 பேருக்குப் பக்கவாதம் வந்தது. கத்தி வைத்தவர்களில் 2.3 பேருக்கு. மாரடைப்பு மட்டும் கத்தி வைத்தவர்களுக்கு 2.3, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 1.1. ஏறக்குறைய 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கத்தியும், அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஸ்டென்டும் சற்று அனுகூலம் என்று அதில் தெரிந்தது. "தையல் இல்லை, வலி இல்லை, இரண்டு நாளில் வீடு" என்பது மட்டுமே ஸ்டென்டைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகாது. இதயம் பலவீனமானவர், கழுத்தில் முன்பே ஆபரேஷனோ கதிர்ச் சிகிச்சையோ ஆனவர் ஆகியோருக்கு ஸ்டென்ட் பக்கம் தராசு சாயும்.

எந்த அறிகுறியும் இல்லாமல், முழு உடல் பரிசோதனையில் தற்செயலாகக் கழுத்து அடைப்பு தெரிய வந்தவர்களின் நிலை வேறு. 2025 நவம்பரில் வெளியான கிரெஸ்ட்-2 ஆராய்ச்சி இவர்களைப் பற்றியது. நல்ல மருந்துச் சிகிச்சையுடன் ஸ்டென்டும் வைத்தவர்களில் நான்கு வருடத்தில் 100க்கு 2.8 பேருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 6 பேருக்கும் கேடு நேர்ந்தது. கத்தி வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டென்டுக்கு ஆதரவான முடிவுதான். ஆனாலும் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 94 பேர் நன்றாகவே இருந்தார்கள் என்பதையும் பேரேட்டின் மறுபக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அறிகுறி இல்லாதவருக்கு அவசரம் எதுவும் இல்லை. நிதானமாக யோசிக்கலாம்.

மூன்றாவது: மண்டை ஓட்டுக்குள் வைக்கும் ஸ்டென்ட்

மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இது. வெள்ளைக்காரர்களுக்குக் கழுத்துக் குழாய் சுருங்குவது அதிகம். நம் போன்ற ஆசிய மக்களுக்குத் தலைக்குள் இருக்கும் குழாயே சுருங்குவது அதிகம். ஆகவே நம் ஊர்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும்.

இதயத்தில் வைக்கிறார்கள், கழுத்தில் வைக்கிறார்கள், தலையில் வைத்தால் என்ன என்றுதான் உலகம் முழுவதும் நினைத்தார்கள். அமெரிக்காவில் 50 மையங்களில் சாம்பிரிஸ் என்ற ஆராய்ச்சி நடந்தது. தலைக்குள் குழாய் 70 சதத்துக்கு மேல் சுருங்கிச் சமீபத்தில் பக்கவாதமோ குட்டிப் பக்கவாதமோ கண்டவர்கள் 451 பேர் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்டும் மருந்தும். மீதிப் பேருக்கு மருந்து மட்டும். முப்பதே நாட்களில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 100க்கு 14.7 பேருக்குப் பக்கவாதம் வந்தது அல்லது உயிர் போனது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 5.8. இதைக் கண்டு 2011 ஏப்ரலில் புதிதாக ஆள் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். அந்த ஸ்டென்டை, முழு மருந்துச் சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு அல்லது அதற்கு மேல் பக்கவாதம் கண்டவர்களுக்கு மட்டும் என்று 2012இல் அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது.

கைதேர்ந்த மருத்துவர்களைக் கொண்டு, நோயாளிகளைப் பொறுக்கி எடுத்துச் செய்தால் பலன் வராதா என்று சீனாவில் முயன்றார்கள். 2022இல் வந்த அதன் முடிவில் ஒரு வருடக் கணக்கு ஸ்டென்டுக்கு 8 சதம், மருந்துக்கு 7.2 சதம். முன்பு போல் நஷ்டம் இல்லை. ஆனால் லாபமும் இல்லை. 2024இல் அதே நாட்டில் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், ஸ்டென்ட் வைக்காமல் சிறிய பலூனை அளவோடு விரித்துவிட்டதில் மருந்து மட்டும் கொடுத்ததைவிட நல்ல பலன் தெரிந்திருக்கிறது. ஆகவே கதவு அடைபட்டுவிடவில்லை. ஆனாலும் இன்றைய நிலையில் தலைக்குள் சுருக்கம் என்றால் முதல் சிகிச்சை மருந்துதான்.

நமக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். நம் வட்டாரத்து மளிகை வியாபாரி ஒருவர், வயது 61. இடது கை சற்று பலவீனமாகி, வெளியூர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று நாள் இருந்து தேறினார். நான்காம் நாள் அவர் மகன் நமக்குப் போன் செய்தார். "ஏனுங்க மாமா, அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கோணும், சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டுங்கறாங்க. கடையை அடமானம் வெச்சுப் போடலாமுங்களா?" என்றார். "எந்தக் குழாய்ல தம்பி? கழுத்துலயா, தலைக்குள்ளயா?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. "அதைக் கேட்டுப் போட்டு, படத்தையெல்லாம் ஒரு பிரதி வாங்கிக்கப்பா" என்றோம். சுருக்கம் தலைக்குள் இருந்தது. படங்களை இன்னொரு நரம்பியல் நிபுணர் பார்த்தார். பெரியவர் எட்டு மாதமாக இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தது அப்போதுதான் வெளிவந்தது. "மருந்தே சாப்பிடாதவருக்கு மருந்து பலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டு, இரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு, அதன் பின் ஒன்று, கொழுப்புக்கும் கொதிப்புக்கும் மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். பெரியவர் இன்று கல்லாவில் உட்காருகிறார். கடை அடமானத்துக்குப் போகவில்லை. ஒருவருக்கு ஒத்து வந்ததால் எல்லோருக்கும் அப்படியே என்று நாம் சொல்லவில்லை. ஸ்டென்ட் தேவைப்பட்டு, வைத்து, நன்றாக இருப்பவர்களும் உண்டு. எந்தக் குழாய் என்று கேட்டதால் ஒரு குடும்பத்துக்கு வழி தெரிந்தது என்பதற்காகவே சொன்னோம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கரைக்கும் ஊசிக்கும், கட்டியை இழுத்தெடுப்பதற்கும் நீண்ட விசாரணை கூடாது என்று முன்பே சொன்னோம். நாள் குறித்துச் செய்யும் ஸ்டென்டுக்குக் கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

1. வந்திருப்பது அடைப்பா, கசிவா?

2. சுருக்கம் எந்தக் குழாயில்? கழுத்திலா, மண்டை ஓட்டுக்குள்ளா? எத்தனை சதம்?

3. இப்போது வந்த பக்கவாதத்துக்கு அந்தக் குழாய்தான் காரணமா? இடது கை விழுந்தவருக்குக் காரணம் பெரும்பாலும் வலப்பக்கத்துக் குழாயாக இருக்கும். இதயம் தாளம் தவறித் துடித்து, அங்கிருந்து கட்டி புறப்பட்டிருந்தால் கழுத்து ஸ்டென்ட் அதைத் தடுக்காது. அதற்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரை வேண்டும்.

4. இது விழுந்த கையை எழுப்பவா, அடுத்ததைத் தடுக்கவா?

5. மருந்தை முறையாகக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா? கத்தி முறை இவருக்குப் பொருந்துமா?

6. உங்கள் கையில், உங்கள் ஆஸ்பத்திரியில், இதைச் செய்த 100 பேரில் எத்தனை பேருக்குக் கேடு நேர்ந்தது? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

7. வைத்த பின் என்ன மாத்திரை, எத்தனை நாள்? கழுத்து ஸ்டென்ட் என்றால் பொதுவாக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டும் குறைந்தது ஒரு மாதம். பின்னர் ஒன்று ஆயுள் முழுவதும். பல் பிடுங்கப் போனால்கூட மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தலாகாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தவருக்கு ஸ்டென்ட் வைப்பதே ஆபத்து.

படுத்த படுக்கையாக, நினைவு தப்பிய நிலையில் இருப்பவருக்குத் தடுப்பு ஸ்டென்டால் பெரிய பயன் இல்லை. அங்கே பணத்தைப் பராமரிப்புக்கு வைத்திருப்பது மேல்.

பணக் கணக்கு

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு கட்டியது. சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய் என்று அன்று நிர்ணயித்தார்கள். பத்திரிகையில் இதைப் படித்த பலர் எல்லா ஸ்டென்டுக்கும் அந்த விலை என்று எண்ணியிருக்கிறார்கள். அந்த உச்சவரம்பு இதயக் குழாய் ஸ்டென்டுக்கு மட்டுமே. கழுத்து, மூளைச் சாதனங்கள் அதில் சேரா. ஆகவே மொத்தச் செலவு, சாதனத்தின் விலை, கம்பெனிப் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சரக்கு வாங்கினால் பில் கேட்பது நம் தொழில் தர்மம், ஆஸ்பத்திரியிலும் அதுவே.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையில் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கட்டிய பின் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

நம் ஊரிலிருந்து புறப்படும்போது

முகம் கோணுகிறதா, தூக்கிய கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதம் என்றே கொண்டு 108க்குப் போன் செய்யுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைச் சீட்டில் குறித்து எடுத்துப் போங்கள். தூங்கி எழும்போதே விழுந்திருந்தால், இரவு படுக்கப் போன நேரமே கணக்கு. வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்ற வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். நெஞ்சு வலிக்குக் கொடுப்பது போல ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். கசிவாக இருந்தால் அது கேட்டை அதிகமாக்கும். புறா இரத்தம் தடவுவது, பச்சிலைக்குக் கூட்டிப் போவது, பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்ப்பது எல்லாம் பொன்னான நேரத்தைத் தின்பவை.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரிகளும் பல. எங்கே இரவிலும் சி.டி. ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் உண்டு, எங்கே கட்டியை இழுத்தெடுக்கும் வசதி உண்டு என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது உத்தமம்.

மாத்திரையும் சிகிச்சைதான்

சாம்பிரிஸ் ஆராய்ச்சியில் மருந்துப் பக்கம் ஜெயித்தது தற்செயல் அல்ல. அந்த நோயாளிகளுக்கு மேல் இரத்தக் கொதிப்பு 140க்குக் கீழும், கெட்ட கொழுப்பு 70க்குக் கீழும் இருக்குமாறு விடாமல் கவனித்தார்கள். புகையை நிறுத்தவும் நடக்கவும் பழக்கினார்கள். அப்படிச் செய்ததால்தான் மருந்து பலித்தது. நம் கடைக்காரர்களோ காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்கு எழுகிறோம். பகல் சாப்பாடு மூன்று மணி. ஊறுகாயும் அப்பளமும் கைக்கெட்டும் தூரத்தில். "தலைவலி இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று நாமே நிறுத்திவிடுகிறோம். இரத்தக் கொதிப்பு கெட்டுப்போன தராசு மாதிரி. சத்தம் போடாமல் நஷ்டம் வைக்கும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டில் இல்லாமல் கடையில் இருக்கும் நம்மவர்கள்தான் அதில் தவறிப் போகிறோம்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. மாதக் கூட்டம் கூடும்போது இரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி ஒன்றை மேசையில் வைப்போம். சந்தா ரசீது வாங்குகிறவர் கையை நீட்டிவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு உறுப்பினரும் தான் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், வீட்டுப் போன் எண், காப்பீட்டு அட்டையின் நகல் மூன்றையும் ஒரு உறையில் போட்டுக் கல்லாவில் வைத்துக்கொள்வோம். அந்த உறை எங்கே இருக்கிறது என்பது கடைப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நமக்குப் பேச்சு குழறும் நேரத்தில் நமக்காகப் பேசப் போகிறவர் அவர்தான்.